இரண்டு டிரைவர்களும் இன்றைய தண்ணீரும்

ஒரு அலுவலகத்தை அசையாமல் நிறுத்திவைக்கப் பூட்டோ முற்றுகையோ தேவையில்லை. சமமான இரண்டு பொருள்களை மேசைமேல் வைத்து, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். எங்கள் குடிநீர் வாரியத்துக்கு அதைச் செய்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை.

வாரியத்தின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் காலையில் ஆய்வகத்திலிருந்து முடிவு வரும். எந்தத் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று நான் பக்கத்தில் எழுதிப் போடுவேன். குடிக்கலாம், கொதிக்கவைத்துக் குடிக்கலாம், குடிக்கவே கூடாது, இப்படி ஏதாவது ஒன்று. பக்கங்களை எழுதவும் மாற்றவும் ஒரு மென்பொருள் உண்டு. எழுதியதெல்லாம் போய்ச் சேரும் இடம் டேட்டாபேஸ். இந்த இரண்டுக்கும் நடுவே, சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே தட்டு சுமக்கிற ஆளைப் போல, ஒரு சின்ன நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் டிரைவர். வண்டி ஓட்டுகிறவரை நினைத்துச் சிரிக்க வேண்டாம். எங்கள் கணக்கு அதிகாரி அந்த ஜோக்கைச் சொல்லித் தீர்த்துவிட்டார்.

வலைத்தளத்தை இயக்க வாரியம் ஒரு புது சர்வர் கணினி வாங்கியது. பழைய டிரைவர் அதில் ஓடவில்லை. இது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம். அந்த டிரைவரை எழுதியவர்களே 'இனிமேல் இதை நம்பாதீர்கள்' என்று கைகழுவிப் பல காலம் ஆகிறது. அதற்குப் பதிலாக இரண்டு இருந்தன. சின்னது, நாங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸோடு மட்டும் பேசும். பெரியது, எந்த டேட்டாபேஸோடும் பேசும். இரண்டும் இலவசம். உலகத்தில் பாதி வலைத்தளங்கள் ஒன்றில் ஓடுகின்றன, மீதி இன்னொன்றில் ஓடுகின்றன. செட்டிங்ஸில் ஒரே ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்தது. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு அந்த டீயைச் சூடாகவே குடிக்கலாம்.

ஆனால் செட்டிங்ஸில் கை வைக்க மேலிடத்து ஒப்புதல் வேண்டும். ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். கடைசி வரியில், படிப்பவருக்கு மனக்கலக்கம் வேண்டாமே என்று, 'இரண்டில் எதைத் தேர்ந்தாலும் சரியே' என்று சேர்த்துவைத்தேன்.

தலைமை அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகத்தில் அவருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். கூரை ஒழுகுகிறது என்றாலும், மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை நீட்டினாலும் அவர் சொல்வது அதுதான்.

"என்னப்பா, ரெண்டும் சரின்னு எழுதியிருக்கே?"

"ஆமா சார், ரெண்டும் சரிதான்."

"ஒண்ணு தப்பா இருந்தா எனக்குக் கவலை இல்ல. தப்பை விட்டேன், சரியை எடுத்தேன்னு சொல்லிக்கலாம். ரெண்டும் சரின்னா, எதை எடுத்தாலும் ஒரு சரியானதை நான் வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆகுது. ஏன் சொன்னேன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

"யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"கேக்க மாட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"குழு போட்டுடலாம். பார்க்கலாம்."

இப்படித்தான் டிரைவர் தேர்வுக் குழு பிறந்தது. தலைவர், பார்க்கலாம். உறுப்பினர்கள் கணக்கு அதிகாரி, சட்ட ஆலோசகர் அம்மையார், மக்கள் தொடர்பு அதிகாரி. நான் அழைப்பின் பேரில் வந்து நிற்பவன். உட்கார எனக்கு உரிமை உண்டா என்பது முதல் கூட்டத்திலேயே பேசப்பட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அதற்குள் வலைத்தளம் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். டிரைவர் இல்லாததால் புதிதாக எதையும் எழுத முடியாது. ஆனால் பக்கம் காணாமல் போகவில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தின் நகல் ஒன்று சர்வரில் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அதையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் 'எல்லாப் பகுதிகளிலும் நல்ல தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம்' என்று இருந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய தேதி கண்ணில் பட்டால் வாரியம் தூங்குகிறது என்று நினைப்பார்கள் என்று மக்கள் தொடர்பு அதிகாரி முன்பு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். யார் பக்கத்தைத் திறந்தாலும், அன்றைய தேதி தலைப்பில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தினமும் புதுப்பிக்கப்படும் வலைத்தளம் என்று அதற்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்திருந்தது. ஆகவே ஒவ்வொரு விடியற்காலையிலும் எங்கள் பக்கம் எழுந்து பல் தேய்த்துக்கொண்டு, 'இன்றைய தண்ணீர் நல்ல தண்ணீர்' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வக முடிவும் அதுவரை நன்றாகவே இருந்ததால், பக்கம் தற்செயலாக உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது.

குழு கூடும் அறையில் ஒரு நீள மேசை. எட்டிக் கை நீட்டினால் ஒருவரை ஒருவர் கிள்ளிவிடலாம், அவ்வளவு நெருக்கம். ஆனால் ஆளுக்கொரு மைக். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பேசலாம். தலைவரின் மைக் அணைவதில்லை. அவர் பிஸ்கட் கடிப்பது அறை முழுவதும் கேட்கும்.

"விலை குறைஞ்சதை எடுக்கணும், அதுதான் விதி," என்றார் கணக்கு அதிகாரி. "இதுல எது விலை குறைச்சல்?"

"ரெண்டும் இலவசம் சார்."

"அது தெரியுது. எது அதிக இலவசம்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

சட்ட ஆலோசகர் அம்மையார் அடுத்து மைக்கைத் தட்டினார். "ஒரு டிரைவரைத் தேர்ந்தெடுத்தா இன்னொண்ணு பாதிக்கப்படுது. பாதிக்கப்படற தரப்புக்குத் தன் நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தோமா? கொடுக்கல. ரெண்டுக்கும் நோட்டீஸ் அனுப்பணும்."

"மேடம், அது ஒரு நிரல். ஆள் இல்ல."

"அதை எழுதினவங்க இருப்பாங்க இல்ல?"

"உலகம் பூரா இருக்காங்க. சும்மா ஆர்வத்துல எழுதறவங்க."

கணக்கு அதிகாரியின் முகம் கோணியது. "காசு வாங்காம வேலை செய்யறவங்களா? அவங்க பொருளை எப்படிங்க நம்பறது? வந்து பேச ஒரு விற்பனை ஆள்கூட இல்லாத சரக்கு!"

நோட்டீஸ் அனுப்பப்பட்டது. ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒரு மாணவன், எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு சிரிக்கும் முகத்தைப் பதிலாக அனுப்பிவைத்தான். அம்மையார் அதைச் 'சின்னதின் தரப்பு விளக்கம்' என்று பதிவு செய்தார். பெரியதிலிருந்து பதில் வரவில்லை என்பதால் மறுபடியும் நோட்டீஸ் போயிற்று.

அந்த வாரம்தான் ஆய்வக அக்கா என் மேசைக்கு வந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். குரலை உயர்த்தாத ஆள். அன்று ஒரு காகிதத்தை என் விசைப்பலகைமேலேயே வைத்தார்.

"தம்பி, வடக்குத் தொட்டித் தண்ணில சாக்கடை கலந்திருக்கு. குடிக்கவே கூடாதுன்னு உடனே போடு."

"போட முடியாதுக்கா."

"என்னது?"

நான் அவர் கண் முன்னால் தட்டச்சு செய்து காட்டினேன். சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். பிழை என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது. டிரைவர் கதை முழுவதையும் சொன்னேன். அக்கா என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒலிபெருக்கி வண்டி அனுப்பச் சொல்லு."

ஒலிபெருக்கி வண்டியை விற்றாகிவிட்டது. துண்டுப் பிரசுரம் அடிப்பதை நிறுத்தியாகிவிட்டது. 'ஒரே குரல்' என்று ஒரு கொள்கை. வாரியம் எதைச் சொன்னாலும் வலைத்தளத்தில் மட்டும்தான் சொல்லும். பத்திரிகைக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அக்கா விநியோகப் பிரிவுக்கு ஓடி, வடக்கு வால்வையாவது மூடுங்கள் என்று கேட்டார். அங்கே இருந்தவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க மேடம், நம்ம பக்கத்துல நல்ல தண்ணின்னு இருக்கு. நல்ல தண்ணியை எப்படி மூடறது? நான்தான் மாட்டிப்பேன்."

ஆனால் வாரியம் சும்மா இருந்தது என்று சொன்னால் அது பாவம். மத்தியானத்துக்குள் ஊழியர்களின் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றிவிட்டது. 'வடக்குப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா சொல்லிடுங்க. வெளியே பரப்ப வேண்டாம்.' சொல்லிவிட்டார்கள். மச்சினிக்கு, சம்பந்திக்கு, சீட்டு விளையாடும் தோழருக்கு எல்லாம் போன் போயிற்று. மாலைக்குள் எங்கள் மாடியில் யாருமே குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. மேசைக்கு மேசை பாட்டில் முளைத்திருந்தது. வடக்குப் பகுதியில் மீதி இருந்தவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் சொந்தம் இல்லை, அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

நானும் போன் செய்தேன். என் மாமனார் வீடு வடக்கில்தான் இருக்கிறது. மாமியார் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். போன வருஷம் குடலில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். இன்னொரு தொற்று வந்தால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் என் மனைவியைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். ஆள் அரசாங்க அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சில் வந்தால் உண்மை, வாயில் வந்தால் வதந்தி, இதுதான் அவருடைய உலகம். எங்கள் வலைத்தளம் அவருக்கு அச்சு. அதைப் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளை என்பதில் தெரு முழுக்கப் பெருமை.

"மாமா, குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க, கடைத் தண்ணி வாங்கிக்குங்க."

"ஏன் மாப்பிள்ளை? இன்னைக்குத் தேதி போட்டு நல்ல தண்ணின்னு இருக்கே. கண்ணாடி போட்டுப் பார்த்தேன்."

"அது பழசு மாமா. தேதி மட்டும் தானா மாறுது."

"தேதி தானா மாறுமா?" அவர் சிரித்தார். "நீங்க வேலை அலுப்புல பேசறீங்க. நல்லா தூங்குங்க."

மனைவி போனைப் பிடுங்கி மன்றாடினாள். அழுது பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். "அப்பா, எனக்காகவாவது கடைத் தண்ணி குடிங்கப்பா." சரி, சரி என்றார். அந்தச் சரியின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

"உங்க பக்கத்துல போட்டா மட்டும்தாங்க கேப்பார்," என்றாள் என்னிடம். "எப்படியாவது போடுங்க."

நான் குழுவிடம் போய் நின்றேன். குழு ஊரில் இல்லை. ஒரு டிரைவர் வேலை செய்வதை நேரில் காண்பதற்காக ஒரு கடலோர நகரத்துக்குப் போயிருந்தது. அங்கே ஒரு நூலகத்தின் வலைத்தளம் சின்னதில் ஓடுகிறதாம். திரும்பி வந்ததும் மக்கள் தொடர்பு அதிகாரி படங்களைக் காட்டினார். நூலகத்தில் ஒரு கணினியைச் சுற்றி நால்வரும் நிற்கிறார்கள். திரையில் ஒரு பக்கம் திறக்கிறது. நால்வரும் கைதட்டுகிறார்கள். மீதிப் படங்களில் கடல் இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பார்க்கலாம். "ஆனா டிரைவரைக் காட்டுன்னா நூலகத்துப் பொண்ணு திரையைக் காட்டுது. ஓடற சத்தம்கூட வரல. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை நான் எப்படிப்பா பரிந்துரை பண்றது?"

அடுத்த கூட்டத்தில் ஆய்வக அக்கா அனுமதி கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"வடக்குல ரெண்டு தெருவுல குழந்தைங்களுக்கு வயித்தால போகுது சார். ஏதாவது ஒரு டிரைவரைப் போட்டுத் தொலைங்க. காசு சுண்டிப் பாருங்க. எனக்கு அறிவிப்பு வரணும்."

"காசு சுண்டறதா?" கணக்கு அதிகாரி அதிர்ந்துபோனார். "எந்தத் தலைப்புல செலவு எழுதறது?"

பார்க்கலாம் கையமர்த்தினார். அவருடைய குரல் எப்போதும் போல் இனிமையாக இருந்தது. "உங்க உணர்வு எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க முடிவு இன்னும் வெளியாகல. வெளியாகாத முடிவு எங்களைப் பொறுத்தவரைக்கும் வரைவுதான். வரைவை வெச்சு நாங்க பதற முடியாது."

"வயித்தால போறது வரைவா சார்?"

அக்கா மேசையை ஒரு முறை பார்த்தார். நால்வர் முன்னாலும் கடையில் வாங்கிய பாட்டில்கள். மூலையில் இருந்த குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்தார்.

"நம்ம பக்கம் சொல்ற தண்ணி இது. குடிங்க."

மைக்கில் தலைவர் எச்சில் விழுங்குவது கேட்டது. "எதைக் குடிக்கணும்கறது," என்றார், "தனிப்பட்ட விருப்பம்."

அக்காவைப் பணியிட நாகரிகப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இல்லாத நாட்களில் தண்ணீரைச் சோதிக்க ஆள் இல்லை. ஆகவே கெட்ட முடிவு எதுவும் வரவில்லை. நிலைமை முன்னேறியிருப்பதாக மக்கள் தொடர்பு அதிகாரி சொன்னார்.

மாமனாரிடமிருந்து போன் வந்த காலையில்தான் எனக்குப் பொறுமை அறுந்தது. "காலையிலேருந்து வயிறு ஒரு மாதிரியா இருக்கு மாப்பிள்ளை. தெருமுனை டாக்டர்கிட்ட கேட்டேன். நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னார். குடிச்சிட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு செட்டிங்ஸைத் திறந்தேன். சின்னதின் பெயரை எழுதினேன். ஏன் சின்னது என்று பிறகு விசாரணையில் பலமுறை கேட்டார்கள். எழுத்துகள் குறைவு, அவ்வளவுதான். சேமித்தேன். அக்காவின் முடிவைத் தேடி எடுத்து, சிவப்பில், பெரிய எழுத்தில் போட்டேன். 'வடக்குத் தொட்டித் தண்ணீர் மாசுபட்டுள்ளது. குடிக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் வேண்டாம். லாரித் தண்ணீர் வரும்வரை கடைத் தண்ணீர் மட்டும் குடிக்கவும்.' பிழை வரவில்லை. பக்கம் மாறியது. என் டீயில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் மாமனார் கூப்பிட்டார். குரலில் ஒரு அலுவலகத் தோரணை.

"பார்த்தேன் மாப்பிள்ளை. இப்பதான் முறைப்படி வந்திருக்கு. வீட்டுல இருந்த தண்ணியை எல்லாம் கொட்டிட்டேன். கடைப் பையன் கேன் கொண்டாந்து வெச்சுட்டான். தெருவுல எல்லாருக்கும் நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். மனைவிக்குச் சொன்னேன். போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. லாரிப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு எந்தத் தெருவில் முதலில் நிறுத்துவது என்று கேட்டார். வால்வுக்காரர், இப்போது மூடலாம் இல்லையா என்று கேட்டார். மூடுங்கள், மூடுங்கள் என்றேன். ஒரு வாரியம் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதை அன்று காலை கொஞ்ச நேரம் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

குழு அவசரமாகக் கூடியது. பிறந்த நாள் முதல் அது அவசரப்பட்டது அன்றுதான். சாக்கடைக்கு ஓடி வராதவர்கள், ஒரு வரி மாறியதும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"யாரைக் கேட்டுப் பண்ணே?" என்றார் பார்க்கலாம்.

"சார், தண்ணி உண்மையிலேயே கெட்டிருக்கு."

"தண்ணியைப் பத்தி யாரு பேசினா?" அவர் எழுந்து நின்றார். மைக்கும் கூடவே உயர்ந்தது. "அந்தத் தகவல் உண்மையா பொய்யான்னு இந்தக் குழு பார்க்காது. அது நம்ம வேலையே இல்ல. அது எந்த டிரைவர் வழியா வந்துச்சு, அதுதான் கேள்வி. ஒப்புதல் இல்லாத வழியில வந்த உண்மையை ஒருநாள் அனுமதிச்சா, நாளைக்கு எல்லா உண்மையும் அந்த வழியிலேயே வரும். அப்புறம் நாம எதுக்கு? என் சர்வீஸ்ல எத்தனை வெள்ளம், எத்தனை வறட்சி வந்திருக்கு தெரியுமா? எல்லாம் வந்துச்சு, போச்சு. என் பேர்ல ஒரு மெமோ வந்ததில்ல. ஏன்? எதுலயும் நான் முதல்ல கை வெச்சதில்ல. அந்தக் கையைப் பார்த்துத்தான்யா இந்த நாற்காலியைக் குடுத்திருக்காங்க."

மற்ற மூவரும் மேசையைத் தட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கியது.

"அறிவிப்பை மட்டும் விட்டுடுங்க சார்," என்றேன். "என்னை என்ன வேணாலும் பண்ணுங்க."

"அதெப்படி?" என்றார் சட்ட ஆலோசகர் அம்மையார். "செயல் செல்லாதுன்னா அதோட விளைவும் செல்லாது. அறிவிப்பை வெச்சுக்கிட்டோம்னா உங்க செயலை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பழைய நகலை ஏற்றச் சொன்னார்கள். அவருக்கு ஒப்புதல் கிடைக்க ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. 'எல்லாப் பகுதிகளிலும் நல்ல தண்ணீர்' திரும்பி வந்தது. லாரிகளைத் திரும்ப அழைத்தார்கள், வால்வைத் திறந்துவிட்டார்கள். மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு விளக்கம் எழுதி, அந்த ஆளை வைத்தே நகலின் கீழே ஒட்டவைத்தார். 'இன்று காலை விஷமிகள் சிலர் வாரியத்தின் பக்கத்தில் புகுந்து வதந்தி பரப்பினர். பொதுமக்கள் அச்சமின்றி வழக்கம்போல் குழாய்த் தண்ணீரைப் பருகலாம்.'

என்னைத் தற்காலிகமாக நீக்கினார்கள். போனையும் கணினியையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். சின்னது விசாரணைக்கு உட்பட்டதால் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. சின்னது குற்றம் செய்ததால் பெரியதுக்கு ஆதாயம் கிடைக்கக் கூடாது என்பதால் அதையும் முடியாது. மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். நான் வெளியேறும்போது பிஸ்கட் தட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கையில் போன் இல்லை. பேருந்துக்காக நின்று, இன்னொன்று மாறி, வடக்கில் இறங்கி ஓடினேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். "பிடிக்காதீங்க, பிடிக்காதீங்க" என்று கத்தினேன். ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மாமனார் சாய்வு நாற்காலியில் துவண்டு கிடந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"வாங்க மாப்பிள்ளை. காலையில யாரோ விஷமி உங்க பக்கத்துல புகுந்துட்டானாமே? நல்லவேளை, உடனே சரி பண்ணிட்டாங்க. நீங்கதான் கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"கேன் தண்ணி எங்க மாமா?"

"அதைத் திருப்பிக் குடுத்துட்டேன். வதந்தியை நம்பி வாங்கினதை எதுக்கு வெச்சுக்கணும்?"

பக்கத்து ஸ்டூலில் ஒரு சொம்பும் டம்ளரும் இருந்தன. அவர் காலடியில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"மாமா, அந்த விஷமி நான்தான். நான்தான் போட்டேன். நான் போட்டதுதான் உண்மை. அதை எடுத்தவங்கதான் பொய். எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அவர் பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பக்கத்தைப் பார்த்தார். தேதியை விரலால் தொட்டுச் சரிபார்த்தார். போனை மடியில் வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"வேலையில ஏதோ பிரச்சினை, எனக்குப் புரியுது. ஆனா அப்படியெல்லாம் பேசாதீங்க. உங்க ஆபீஸ் சொல்றதை நீங்களே நம்பலைன்னா, நாங்கள்லாம் யாரைத்தான் நம்பறது மாப்பிள்ளை?"

சொல்லிக்கொண்டே டம்ளரை எடுத்தார். நான் பாய்ந்து தட்டிவிடுவதற்குள் முக்கால்வாசி உள்ளே போயிருந்தது.